ஆள்காட்டிக் குருவி ஏன் மரத்தில் உட்காருவதில்லை

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு வரும். பேச்சு வந்துவிட்டால் சும்மா இருக்குமா? கூட்டம் போட்டன, கூடவே சட்டமும் போட்டன.

ஓர் ஏரியில் தண்ணீர் குடிக்க இறங்கும் பறவைகளை ஒரு நரி தினமும் பிடித்துத் தின்றது. நாரை அதனிடம் போய்ப் பேசி ஓர் ஏற்பாடு செய்துவிட்டு வந்தது. வருஷத்துக்கு ஓர் இனத்தின் முட்டைகள் நரிக்கு. மற்றவர்களை அது தொடாது. நரி வரும்போது யாரும் குரல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கரையில் எந்த மரத்திலும் அவர்களுக்கு இடமில்லை. எல்லாரும் சிறகைத் தூக்கிச் சம்மதித்தார்கள். கண்ணோரம் சிவந்த, நீண்ட கால்களுள்ள ஆள்காட்டிக் குருவி செவத்தியும் தூக்கினாள். இன்னும் மூன்று நாளில் அவள் முட்டையிட வேண்டும். கருவேல மரத்தில் கூடுகூடக் கட்டி வைத்திருந்தாள்.

இந்த வருஷம் எந்த இனம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்; முதல் சீட்டு கானாங்கோழிக்கு விழுந்தது. அவள் அழுதாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் நரி கோரைக்குள் பதுங்கி வந்தது. கானாங்கோழி முட்டைகளைப் புரட்டிவிட்டு, உள்ளே இருக்கும் குஞ்சுகளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து பார்த்த செவத்தி கிளை நுனிக்கு வந்தாள். வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. ஏரியே அதிரக் கத்தினாள். நரியின் தலைமேல் பாய்ந்து பாய்ந்து விரட்டினாள். எதிர்ப்பையே பார்த்திராத நரி மிரண்டு ஓடியது.

உடனே கூட்டம் கூடியது. நாரைக்குக் கோபமான கோபம்.

"சரி தப்புங்கிறது வானத்திலிருந்தா விழுது? நாம கூடிப் பேசி வச்சதுதான் சரி. நீயும்தானே சிறகைத் தூக்கினே?"

"தூக்கினேன் பெரியவரே, அது என் தப்பு. நாம எல்லாரும் கூடி ஏரியில தண்ணி இல்லைன்னு முடிவு பண்ணினா, ஏரி வத்திடுமா?"

"தண்ணி கண்ணுக்குத் தெரியுது. உன் நியாயம் எங்கே இருக்கு, காட்டு."

"சீட்டு விழுந்தப்போ கானாங்கோழி அழுதாளே. அப்ப ஏன் நீங்க அவ முகத்தைப் பார்க்கலை?"

நாரை சட்டத்தை மட்டும் சொன்னது.

செவத்தி மரத்தை விட்டு இறங்கினாள். வயிறு கனத்தது, பயமாகவும் இருந்தது. சரளைக்கல் பரப்பில், வெறுந்தரையில் நான்கு முட்டைகள் இட்டாள்.

ஏற்பாடு முறிந்துபோனதால் நரி பழையபடி வேட்டைக்கு வந்தது. அன்றைக்கு மீனுக்காகத் தலை குனிந்து நின்ற நாரையின் பின்னால் அது பதுங்கியது. கத்தினால் தன் முட்டைகள் இருக்குமிடம் நரிக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்தும் செவத்தி கத்தினாள்.

பறந்து தப்பிய நாரை வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது. மரத்துக்கே வந்துவிடும்படி கூப்பிட்டது.

"நீங்க கொடுக்கிற மரத்தை நீங்களே திரும்பப் பிடுங்கிக்கலாம்," என்றாள் செவத்தி. "எனக்குத் தரையே போதும்."

அன்று முதல்தான் ஆள்காட்டி மரத்தில் உட்காருவதில்லை. ஆபத்து வந்தால், யாருக்கு என்று கேட்காமல் கத்துகிறது.