காத்திருக்கத் தெரியாத ராஜா

முன்னொரு காலத்தில், மிளகு வாங்க வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வந்த நாளில், ஒரு ராஜாவுக்கு இங்கிலீஷ் படிக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. நாளுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்கு, இருமொழி தெரிந்த துபாஷி சொல்லிக்கொடுத்தது 'வெயிட்'.

"காத்திருப்பது என்று பொருள், மகாராஜா."

"அப்படியென்றால்?" என்றார் ராஜா.

பாவம், அவர்மேல் குற்றமில்லை. பசிக்குமுன் இலை விழும். எழுமுன் பல்லக்கு வந்து நிற்கும். காத்திருக்க அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? பண்டிதர்கள் நிகண்டைப் புரட்டி விளக்கியும் ஒன்றும் ஏறவில்லை.

விகடன் சாத்தப்பனைக் கண்டாலே மந்திரி அனந்தருக்கு வயிறு எரியும். "தங்கள் விகடன் விளக்கட்டுமே, பிரபு! முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்று கொளுத்திப்போட்டார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

சாத்தப்பன் பிள்ளைகுட்டிகளோடு எங்கே போவான்? அப்போதுதான் சபை வழக்கம் நினைவுக்கு வந்தது: ராஜா கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை, பதில் சொல்லவேண்டியவனைத் தவிர, ராஜா உட்பட ஒருவரும் ஆசனம்விட்டு எழக்கூடாது.

"பதில் வாசலில் இருக்கிறது, மகாராஜா. இதோ அழைத்துவருகிறேன்" என்று போனவன் போனவன்தான்.

உச்சிவேளை கடந்தது. மடைப்பள்ளியில் சமைத்தது ஆறிப்போனது. சாத்தப்பன் தூண் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தான். ராஜா காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, "வருகிறானா? வருகிறானா?" என்று கேட்டபடியிருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் ஒரு குடியானவப் பெண்ணோடு உள்ளே நுழைந்தான்.

"எவ்வளவு நேரமடா!"

"இத்தனை நேரம் தாங்கள் என்ன செய்தீர்கள், பிரபு?"

"செய்வதென்ன? வாசலையே பார்த்தேன். பசித்தது. உன்மேல் கோபம் வந்தது. பிறகு, உனக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயமும் வந்தது."

"அந்த வார்த்தை அவ்வளவுதான், மகாராஜா."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

"சரி, இந்த அம்மாள் யார்?"

"தாங்கள் அரைநாளில் படித்ததை இந்த வள்ளியக்காள் வாசலில் பதினேழு நாளாகப் படிக்கிறாள். மந்திரியார் உள்ளே விடவில்லை."

"மடைய அடைச்சுட்டாங்க மகாராசா, பயிரு காயுது" என்றாள் அவள். மந்திரி தரையைப் பார்த்தார்.

அதற்குள் பரிசாரகன் ஓடிவந்தான். "இலை போட்டாயிற்று, மகாராஜா!"

எழுந்த ராஜா மறுபடி உட்கார்ந்தார்.

"சோறு வெயிட் பண்ணட்டும். நீ சொல்லம்மா."