சட்டியின் பூச்சு எங்கே போனது?

மாவூர் அரசர் தோசைப் பித்தர். சிம்மாசனம் போனாலும் போகட்டும், முறுகல் போகக் கூடாது என்பார். அப்படிப்பட்டவருக்குக் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் கருப்புப் பூச்சு பூசிய தட்டைச் சட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தான்.

"இதில் எதுவும் ஒட்டாது மகாராஜா. மரக்கரண்டிதான் படலாம். மெல்லிய துணியால் கழுவினால் போதும். வெறும் சட்டியைத் தீயில் காயவிடக் கூடாது" என்றான். அடுப்படியில் இதையெல்லாம் சொல்லும் பொறுப்பு மேற்பார்வையாளர் வல்லபராயருக்கு.

ஒரு மாதம் தோசை வழுக்கிக்கொண்டு இலைக்கு வந்தது. பிறகு ஒரு நாள் கந்தல் கந்தலாக வந்தது. பார்த்தால், சட்டியில் பூச்சையே காணோம்!

"எல்லாம் சமையல்காரி செங்கமலத்தின் வேலை!" என்று முந்திக்கொண்டார் ராயர்.

"பதினெட்டு வருஷமா இந்த அடுப்புல வேகுறேன் மகாராஜா! செங்கல் பொடி போட்டுத் தேய்க்கச் சொன்னதும், இரும்புக் கரண்டி கொடுத்ததும் ஐயாதான்" என்று அழுதாள் செங்கமலம்.

பசித்த அரசரிடம் நியாயம் பேச முடியுமா? "போன பூச்சை மாலைக்குள் கண்டுபிடி. இல்லாவிட்டால் ஊரைவிட்டே போ!" என்று கத்தினார்.

தேய்ந்துபோன பூச்சை எங்கே தேடுவது? பாவம், அவள் அரசவை விகடகவி மாசிலாமணியிடம் ஓடினாள்.

"அழாதே அம்மா, நான் கொண்டுவருகிறேன்" என்றார் அவர்.

மாலையில் வெறுங்கையோடு சபைக்கு வந்தார். நேரே வல்லபராயரிடம் போனார்.

"ராயரே, செங்கல் பொடி போடச் சொன்னது நீர்தானே?"

"பளபளப்பாக வை என்றுதான் சொன்னேன். பொடி கொடுத்தது பண்டகசாலைக்காரன்."

"இரும்புக் கரண்டி?"

"அது கொல்லன் செய்த தப்பு."

"வணிகன் சொன்னதை அடுப்படியில் சொன்னீரா?"

"அவன் பேசிய தமிழ் புரியவில்லை. குற்றம் அவன் நாக்கில்!"

மாசிலாமணி கைதட்டிக் குதித்தார். "பூச்சு கிடைத்துவிட்டது மகாராஜா! சட்டியிலிருந்து கிளம்பி, நம் ராயர் மேல் படிந்திருக்கிறது. பாருங்களேன், எந்தப் பழியைப் போட்டாலும் ஒட்டவே மாட்டேன் என்கிறது!"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. செங்கமலத்துக்குப் பட்டுச் சேலையும் மாசிலாமணிக்கு முத்துமாலையும் கிடைத்தன.

"எனக்கு என்ன உத்தரவு மகாராஜா?" என்று இளித்தார் ராயர்.

"நாளை முதல் நீரே பாத்திரம் கழுவும். அந்த வேலையாவது உம்மோடு ஒட்டுகிறதா பார்ப்போம்!" என்றார் அரசர்.