முப்பிடாதி சொன்ன ஓரெழுத்து ஆங்கிலம்

அரசவைச் சாதுர்யக் கதைகளில் அரசர் உண்டு, புலவர் உண்டு, பொறாமையில் வேகும் மந்திரி உண்டு. அரசருக்குப் பின்னால் நாள் முழுவதும் வெற்றிலைப் பெட்டியோடு நிற்கும் பெண் மட்டும் இல்லை. கதை சொல்வோர் அவளைத் தூண்களோடு சேர்த்து எண்ணிவிடுவது வழக்கம். நான் அப்படி எண்ணப்போவதில்லை. பூவாணிக்கோட்டை அரண்மனையில் அவள் பெயர் முப்பிடாதி. வயது நாற்பத்திரண்டு, கைம்பெண். பின்கட்டில் ஓர் அறையும் மூன்று வேளைச் சோறும் அவளுக்கு இருந்தன. வெற்றிலை மடிக்கும் வேலை போனால் இரண்டும் போகும்.

அந்த வேலைக்கு ஆபத்து ஆங்கில வடிவில் வந்தது.

இரண்டு மாதத்தில் வெள்ளைக்காரக் கலெக்டர் வருகிறார் என்று கடிதம் கிடைத்ததும் மகாராஜா கஸ்தூரிரங்கர் ஆணையிட்டார்: "இன்று முதல் அரண்மனையில் எல்லோரும் அன்றாட ஆங்கிலம் பழக வேண்டும். பகலில் என் காதில் ஒரு தமிழ்ச் சொல் விழக் கூடாது. விழுந்தால், சொன்னவர் அன்றே வெளியே."

பாடம் சொல்லும் பொறுப்பு துபாஷி நமசிவாயத்துக்கு. துபாஷி என்பவர் இரு மொழி அறிந்து, வெள்ளையருக்கும் அரசருக்கும் நடுவே பேச்சை மாற்றித் தருபவர். நமசிவாயம் ஒன்றரை மொழி அறிந்தவர். அவரிடம் கப்பலில் வந்த பழைய புத்தகம் ஒன்று இருந்தது. கொளுத்தும் சித்திரை வெயிலில், "இன்று மூடுபனி அதிகம்", "உங்கள் வேட்டைநாய் மிக அழகு" என்பவற்றை ஆங்கிலத்தில் ஒப்பிக்க வைத்தார். நாயே இல்லாத அரண்மனையில் நாற்பது வயதுச் சமையற்காரர்கள் நாயைப் புகழ்ந்தார்கள்.

பாடத்தின் நடுவே முப்பிடாதி கேட்டாள். "துபாஷி ஐயா, சுண்ணாம்புக்கு என்ன சொல்லணும்?"

துபாஷி மீசையைத் தடவினார். "வெரி குட்."

"பாக்குக்கு?"

"அதுவும் வெரி குட்தான்."

"உப்புக்கும் அதையே சொல்லிக் குடுத்தீங்களாமே. நேத்து மகாராஜா இலையில உப்பு கேட்டு மூணு தடவை வெரி குட் சொன்னார். சமையற்காரர் கும்பிட்டுக்கிட்டே நின்னார்."

எல்லோரும் சிரித்தார்கள். துபாஷி சிரிக்கவில்லை. இவளை வெளியே அனுப்பியே தீருவது என்று அப்போதே முடிவு செய்தார்.

நாற்பதாம் நாள் அவையில் மகாராஜா முன்னிலையில் ஆங்கிலச் சோதனை. மங்கலமாக இருக்கட்டும் என்று சிம்மாசனத்தின் இரு புறமும் வாழைக்குலை கட்டியிருந்தார்கள். மேற்கு வாசல் காவலர் இதுவரை கற்ற ஒரே சொல் "வெல்கம்". அன்று அந்த வாசலுக்குக் கோயில் காளை வந்தது. விரட்டும் சொல் தெரியாததால் அவர் தெரிந்த சொல்லைச் சொன்னார். காளை உள்ளே வந்தது. வாழைப்பழத்தைக் கண்டது, தலையைத் தாழ்த்திப் பாய்ந்தது.

மகாராஜா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவையோர் எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் ஆங்கிலம் தேடினார்கள். மந்திரி "வெரி குட்" என்றார். தளபதி, மூடுபனி அதிகம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

"கோ" என்றாள் முப்பிடாதி.

மகாராஜா துள்ளி எழுந்து பத்தடி தள்ளிப் போய் நின்றார். காளை ஏறி, சிம்மாசனத்தில் சாய்ந்து உட்கார்ந்து, வாழைப்பழத்தைத் தின்னத் தொடங்கியது.

கோபப்படும் பாடம் இன்னும் நடக்காததால் விசாரணை தமிழிலேயே நடந்தது.

"மகாராஜா, ஆங்கிலத்தில் கோ என்றால் போ" என்றார் துபாஷி. "வெற்றிலைக்காரி தங்களைப் போ என்றிருக்கிறாள். போங்கள் என்றுகூட இல்லை."

"நான் சொன்னது தமிழ்க் கோ, ஐயா. கோன்னா அரசர்."

"ஒப்புக்கொண்டாள். தமிழ் பேசியிருக்கிறாள். ஆணைப்படி இன்றே வெளியே."

மகாராஜா தாடையைச் சொறிந்தார். "எதைச் சொன்னாலும் உன் வேலை போகிறதே, முப்பிடாதி."

"ஆணை என்ன, மகாராஜா? தமிழ்ச் சொல் தங்கள் காதில விழக் கூடாது. தங்கள் காதில என்ன விழுந்தது?"

"ஆங்கிலம்தான். அதனால்தான் ஓடி... எழுந்து வந்தேன்."

"அப்ப ஆணையை நான் மீறல. மரியாதைங்கிறது சொல்றவ வாயில இருக்கு. என் வாயில இருந்தது அரசர்ங்கிற சொல். அதனால மரியாதையும் குறையல."

துபாஷி விடவில்லை. "தமிழில் கோ என்றால் மாடும்தான், மகாராஜா. நிகண்டிலேயே இருக்கிறது. அப்படியானால் இவள் தங்களை..." மீதியை அவர் சொல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

மகாராஜாவின் முகம் சிவந்தது. "உண்மையைச் சொல். நீ கோ என்றது என்னையா, அந்த மாட்டையா?"

முப்பிடாதி சிம்மாசனத்தை ஒருமுறை பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் பொதுவாத்தான் சொன்னேன், மகாராஜா. இங்கிலீஷ் தெரிஞ்சவர் எழுந்து வந்துட்டார். தெரியாதவர் இன்னும் உட்கார்ந்திருக்கார்."

மகாராஜா சிரித்தார்; வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்து சிரித்தார். ஆணையைத் திரும்பப் பெற்றார். காளையைக் கீழே இறக்கும் பொறுப்பைத் துபாஷிக்குக் கொடுத்தார், அதையும் ஆங்கிலத்திலேயே செய்ய வேண்டும் என்று. முப்பிடாதியிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். உருப்படியாக ஆங்கிலம் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும் என்றாள். ஊரில் பள்ளி நடத்திய வெள்ளைக்கார அம்மையாரிடம் அனுப்பினார்.

அவள் கற்றாள். இரண்டு ஆண்டுகளில் கலெக்டரின் கடிதங்களைப் படித்துப் பொருள் சொன்னாள், பதிலும் எழுதினாள். அடியில் போட்ட கையெழுத்து மட்டும் துபாஷியுடையது. துபாஷிப் பதவியைப் பெண்ணுக்குக் கொடுப்பது பற்றி யாரும் பேசவில்லை. ஐம்பத்தெட்டாம் வயதில் காய்ச்சலில் இறக்கும்வரை அவள் வெற்றிலை மடிப்பவளாகவே இருந்தாள்.