பூவலிங்கத்தின் உரிமம்

“உரிமத்தை நிறுத்தி வச்சிட்டாங்க, டீச்சர். ஆறு மாசத்துக்கு.”

பூவலிங்கம் வாசலில் நின்றபடியே சொன்னான். செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லை.

ஜெசிந்தா டீச்சர் எண்ணெய்க் கறை படிந்த விரிப்புகளைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மூன்று வகுப்பு எடுத்த களைப்பு அவர் தோளில் தெரிந்தது.

“தெரியும். எனக்கும் நகல் வந்துச்சு. உள்ள வாங்க.”

மசாஜ் செய்பவர்கள் உரிமம் வாங்கியாக வேண்டும் என்று சட்டம் வந்தபோது பூவலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷத் தொழிலை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தான். பாடம் நடத்தியவர் ஜெசிந்தா. முன்பு நர்ஸாக இருந்தவர். அவனைவிட எட்டு வயது இளையவர். அன்றிலிருந்து எதற்கும் அவரிடம்தான் வந்து நிற்பான்.

போன மாதம் மாசானம் என்ற பழைய பஸ் டிரைவர் கால் வலி என்று அவனிடம் வந்தார். பூவலிங்கம் இரண்டு காலையும் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டான். மறுநாள் மதியம் அவருக்கு மூச்சு முட்டியது. காலில் கட்டியிருந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். ஒன்பது நாள் தீவிர சிகிச்சை. பிழைத்துக்கொண்டார்.

ஒரு கால் வீங்கிச் சூடாக இருந்ததே, அதைப் போய் இப்படியா அழுத்துவார்கள் என்று அவர் மகள் உரிமம் கொடுக்கும் வாரியத்துக்குப் புகார் எழுதினாள்.

“என் மேல என்ன தப்பு, டீச்சர்?” பூவலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்தான். “படிவத்துல உள்ளதெல்லாம் கேட்டேன். சர்க்கரை, பிரஷர், ஆபரேஷன், எல்லாம். கையெழுத்தும் வாங்கினேன்.”

“ம்.”

“இருபத்தாறு வருஷத்துல ஒருத்தர் குறை சொன்னது கிடையாது.”

“ம்.”

“விசாரணைக்கு மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க. நடுவுல இருந்தவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கல. பதினோரு நிமிஷம். அவ்வளவுதான். உத்தரவு எண் முந்நூத்திப் பதினெட்டு. ரெண்டாம் பக்கம், நாலாவது பத்தி, ‘கவனக்குறைவு’ன்னு போட்டிருக்கான்.”

“மனப்பாடமா இருக்கே.”

“படிச்சுப் படிச்சு ஆயிடுச்சு.” “அலைஞ்சு அலைஞ்சு கால் ஓஞ்சு போச்சு, டீச்சர். இது ஒண்ணுதான் மிச்சம்.”

பையிலிருந்து மேல்முறையீட்டு மனுவை எடுத்து நீட்டினான். பயிற்சி கொடுத்தவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ‘இவர் கவனமாகத் தொழில் செய்பவர் என்று அறிவேன்.’ அதற்குக் கீழே ஒரு கோடு.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு மனுவை வாங்கினார். நின்றபடியே முழுதும் படித்தார். மேஜையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

பூவலிங்கத்துக்கு ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

“நடந்த விவரம்னு ஒரு கட்டம் காலியா இருக்கு.”

“நீங்களே எழுதிடுங்க, டீச்சர். என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்.”

“சரி. எந்தக் கால்?”

“என்ன?”

“வீங்கியிருந்தது எந்தக் கால்?”

“இடது,” என்றான். உடனே, “இல்ல, வலது.”

டீச்சர் எழுதவில்லை.

பூவலிங்கம் கண்ணை மூடினான். மாசானம் குப்புறப் படுத்திருந்தது தெரிந்தது. அவருடைய நீலக் கைலி தெரிந்தது. செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கடை வாடகை பற்றித் தான் பேசியதுகூட ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வந்தது. தன் இரண்டு கையும் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தன.

“புகார்ல போட்டிருப்பாங்க,” என்று பையிலிருந்து புகாரின் நகலை எடுத்துப் பிரிக்கப் போனான்.

“அதுல வேண்டாம். நீங்க சொல்லுங்க.”

விரல்கள் காகிதத்தின்மேல் அப்படியே நின்றன.

டீச்சர் அவசரப்படுத்தவில்லை. பேனா திறந்தபடியே இருந்தது.

பூவலிங்கம் எழுந்தான். மனுவை அவர் கையிலிருந்து மெல்ல எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்தான்.

“மாசானம் ஐயா வீட்டுப் பக்கம் எந்த பஸ் போகும், டீச்சர்?”

“ஏழாம் நம்பர்,” என்றார் அவர். “நேத்து அவரைப் பார்க்க நான் அதுலதான் போனேன்.”