நாற்பத்தெட்டு இட்லியும் ஒரு கொடியும்

கொக்கரைப்பட்டி வான்குதிப்புச் சங்கத்தாரை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் எழுத்தை மதிக்கிறவர்கள். தாளில் ஒன்று எழுதியிருந்தால், அதற்கு மேல் சொந்தமாக யோசிப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள். வேறு குறை அவர்களிடம் நான் கண்டதில்லை.

சங்கத்தில் மொத்தமே நாலு பேர். தலைவர் செண்பகமூர்த்தி அண்ணாச்சிக்கு உரக்கடை. தளவாயும் பிச்சையாவும் கூட்டாகச் சைக்கிள் கடை நடத்துகிறார்கள். நாலாவது ஆள் ஆவுடையப்பன். விமானத்திலிருந்து குதிக்கத் தைரியம் உள்ளவர் அவர் ஒருவர்தான். முப்பத்தொரு தடவை குதித்திருக்கிறார், சொன்ன இடத்தில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

ஊரில் புது விளையாட்டு மைதானம் திறக்கிற நேரம் வந்தது. நகர்மன்றத் தலைவி மரகதவல்லி சங்கத்தாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஊர்க் கொடியோட மேலேருந்து வந்து, மைதானத்து நடுவுல சுண்ணாம்பு வட்டம் போட்டிருக்கோம்லா, அதுக்குள்ள இறங்கணும். கொடி மண்ணுல பட்டுதுன்னா உங்க விமானத் திடல ஆட்டுச் சந்தைக்கு விட்டுருவேன், பாத்துக்கிடுங்க."

அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. குதிப்பதைத் தவிர வேறு எதிலும் அவருக்குச் சந்தோஷம் கிடையாது. திடல் போனால் அதுவும் போயிற்று.

கற்றுக்கொடுக்க எஸ்தர் டீச்சரை வரவழைத்தார்கள். பாராசூட்டோடு கொடி பறக்கவிடுவதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் புறப்படுகிற அன்றைக்குத்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் வந்து இறங்கினார். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார்.

முதல் விதி: 'ஆகாயத்தில் செய்யப்போவதை எல்லாம் தரையில் ஒருமுறை அப்படியே செய்து பாருங்கள்.'

நின்றுகொண்டிருந்த விமானத்தில் ஆவுடையப்பன் ஏறினார். கதவைத் திறந்து குதித்தார், மூன்றடி உயரம். அந்த மூன்றடிக்குள் பாராசூட்டையும் விரித்தார். அதை மடித்துப் பைக்குள் திணிக்க இரண்டு நாளும், அவருடைய முழங்கால் வீக்கம் வடிய மூன்று நாளும் ஆயின.

இரண்டாவது விதி: 'கொடி விரிந்து தொங்க, அடியில் கனம் கட்ட வேண்டும். அது தவறி யார் தலையில் விழுந்தாலும் அடிபடக்கூடாது.'

"யார் தலையிலன்னு பேர் போடலையே" என்றார் அண்ணாச்சி.

"தளவாய் தலையில போட்டுப் பாப்போம். அவருக்கு வலிக்கலேன்னா யாருக்கும் வலிக்காது" என்றார் பிச்சையா.

தளவாய் ஸ்டூலில் உட்கார்ந்தார். மணல் மூட்டையைப் போட்டார்கள், வலித்தது. பஞ்சு மூட்டையைப் போட்டார்கள், வலிக்கவில்லை. ஆனால் கொடியில் கட்டினால் அது கொடியோடு சேர்ந்து பறந்தது. மத்தியானம்வரை அந்தத் தலையில் ஏதாவது விழுந்தபடி இருந்தது.

"கனமாவும் இருக்கணும், மெத்துன்னும் இருக்கணும். இட்லிதான் வே" என்றார் தளவாய். பசி நேரத்தில் வந்த யோசனை அது. நாற்பத்தெட்டு இட்லியை வலைப்பையில் கட்டி அவர் தலையில் போட்டார்கள். சுகமாக இருக்கிறது, இன்னொரு தடவை போடுங்கள் என்றார்.

மீதி விதிகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆவுடையப்பனுக்கு இரண்டு. 'கொடி சிக்கினால் மஞ்சள் கைப்பிடியை இழுத்துக் கழற்றிவிடுங்கள். இழுக்குமுன் கீழே ஆள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.' 'கால் தரையில் படும்வரை, அந்தக் கைப்பிடியைத் தவிர வேறு எதற்காகவும் திருப்புகிற கயிறுகளை விடாதீர்கள்.' கீழே நின்று கொடியைப் பிடிக்கிற மற்ற மூவருக்கும் ஒன்றே ஒன்று. 'கொடி இறங்கும்வரை அதற்கு நேர் கீழேயே இருங்கள்.'

திறப்பு விழா அன்றைக்கு ஊரே மைதானத்தில் கூடியிருந்தது. ஆவுடையப்பன் குதித்தார், பாராசூட் விரிந்தது. ஊர்க் கொடியும் அதில் வரைந்த வாழைத்தாரும் அழகாக விரிந்து தொங்கின. எஸ்தர் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அப்போது காக்கைகள் வந்தன.

வலைப்பையில் இருந்ததை அவை கொத்திக்கொத்தித் தின்றன. இட்லி குறையக் குறையக் கொடி மேலே எழும்பியது. கடைசி இட்லியும் போனதும் சுருட்டிக்கொண்டு வந்து ஆவுடையப்பனின் தலையோடு முகத்தையும் மூடியது. முகத்தை விடுவிக்கலாம் என்றால் கயிற்றை விடக்கூடாது. கழற்றலாம் என்றால் கீழே பார்க்க வேண்டும். ஹெல்மெட்டில் மாட்டியிருந்த வயர்லெஸ்ஸில் கேட்டார்.

"அண்ணாச்சி, கீழ யாரும் நிக்கீங்களா?"

"மூணு பேரும் நிக்கோம் வே. நேர் கீழயே நிக்கோம்."

"கொஞ்சம் தள்ளிப் போங்களேன். மஞ்சளை இழுக்கணும்."

"தள்ளிப் போகக்கூடாது. தாள்ல இருக்கு."

"சரி, நான் தள்ளிப் போறேன்."

அவர் இடது கயிற்றை இழுத்தார். மூவரும் இடப்பக்கம் ஓடினார்கள். வலது கயிற்றை இழுத்தார், வலப்பக்கம் ஓடினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் மரியாதையாகக் கேட்டார், அவர்களும் நிக்கோம் என்று உண்மையைச் சொன்னார்கள். இப்படியே மைதானத்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, ரயில் பாதையையும் தாண்டிவிட்டார்கள். எஸ்தர் டீச்சர் 'மஞ்சளை இழு' என்று ஒரு அட்டையில் எழுதி வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். ஆவுடையப்பன் கவனிக்கவில்லை என்றதும் இன்னும் பெரிய எழுத்தில் எழுதினார்.

வெங்காயக் காட்டில் ஆவுடையப்பன் இறங்கினார். நேர் கீழே நின்றதால் அண்ணாச்சி தோளில் ஒரு காலும் தளவாய் தோளில் ஒரு காலுமாக வந்து நின்றார். பாராசூட் பிச்சையாவை மூடியது.

"இறங்கியாச்சா?" என்றார் ஆவுடையப்பன்.

மூவரும் ஆலோசித்தார்கள்.

"தாள்ல கால் தரையில படணும்னு இருக்கு. என் தோள் தரை இல்லையே" என்றார் தளவாய்.

"அப்ப இன்னும் இறங்கல" என்றார் அண்ணாச்சி. "இங்க இறக்கினா கொடி மண்ணுல படும். வட்டமும் இங்க இல்ல. திடல் போயிரும்."

பாராசூட்டுக்குள்ளிருந்து பிச்சையா சொன்னார்: "இன்னும் இறங்கலேன்னா மைதானத்துக்கே போகலாமே. பறந்துக்கிட்டுதான இருக்காரு?"

இவ்வளவு தெளிவான யோசனை அந்தச் சங்கத்தில் அதற்குமுன் வந்ததில்லை.

புறப்பட்டார்கள். கொடியின் நுனியை அண்ணாச்சி பல்லால் கவ்விக்கொண்டார். பிச்சையா பாராசூட்டைத் தலையில் சுமந்து பின்னால் வந்தார். ஆவுடையப்பன் எந்தப் பக்கத்துக் கயிற்றை இழுக்கிறார் என்று பிச்சையா பார்த்துச் சொல்ல, முன்னால் இருவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். கண் தெரியாமல் இழுத்ததால் ஒரு கல்யாண மண்டபத்துக்குள்ளும் போய் வந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போகும்வரை பதினைந்து நிமிடம் நின்றார்கள்.

ஐந்தடி உயரத்தில் ஆவுடையப்பன் மைதானத்துக்குள் நுழைந்தபோது சனம் விலகி வழிவிட்டது. வட்டத்தின் நடுவில் தோள்கள் குனிந்தன. அவர் இரண்டு கயிற்றையும் ஒன்றாக இழுத்து, முறைப்படி காலை ஊன்றினார். அடுத்த நொடி மூவரும் கொடியை உருவி மடித்துவிட்டார்கள். மரகதவல்லி அம்மாள் ஓரம் ஓரமாகத் திருப்பிப் பார்த்தார். அண்ணாச்சியின் பல் தடம் இருந்தது, மண் இல்லை. திடல் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

ஆவுடையப்பன் அழுதேவிட்டார். முப்பத்திரண்டாவது தடவையாவது வட்டத்துக்குள் இறங்கிவிட்டாரே. தலைவி அவருக்கு மாலை போட்டு, மேலே எல்லாம் எப்படி இருந்தது என்று விசாரித்தார்.

"அருமையா இருந்துச்சும்மா" என்றார் ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த ரயில்வே கேட்டுக்கு மேல மட்டும் ஒரு பதினஞ்சு நிமிசம் காத்து சுத்தமா நின்னு போச்சு."