புலிக்குக் கேட்காத செருப்பு

மலை என்று இருந்தால் வேட்டை இருக்கும். வேட்டை என்று இருந்தால் வீம்பும் இருக்கும். மேல்மலைச் சடையனிடம் இரண்டும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தன. நாற்பதைத் தாண்டியவன். அவன் நாண் இழுத்தால் அம்பு வீண்போகாது என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவன்தான் என்று இன்னொரு பேச்சு.

ஒரு பனிக்காலத்தில், தினைக்காட்டில் காவலுக்கு இருந்த அவன் தம்பியைப் புலி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு காட்டுப்பக்கம் தலைகாட்ட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. கதிர் முற்றி நிற்கிறது. கிளி ஒரு பக்கம், பன்றி ஒரு பக்கம் தின்று தீர்க்கின்றன. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் மழைக்காலத்தில் ஊரே வயிற்றில் ஈரத்துணிதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சடையன் வில்லை எடுத்துக்கொண்டு போனான். போன போதெல்லாம் புலி அவனுக்கு முன்பே எழுந்து போயிருந்தது. போகாமல் என்ன செய்யும்? அவன் காலில் கிடந்தது எருமைத்தோல் செருப்பு. சருகில் அது போடுகிற சத்தத்துக்குச் செவிடன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

தம்பி பெண்டாட்டி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் அவனால் தாங்க முடியவில்லை. வீம்பை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடையைத் தாண்டி வெள்ளச்சியைத் தேடிப் போனான்.

வெள்ளச்சி அவனைவிட ரொம்ப இளையவள். ஆனால் படுத்திருக்கும் மானை எழுப்பாமல் தொட்டுவிட்டு வருகிறவள் என்று பெயர். பாதம் முழுக்க மூடுகிற மான்தோல் செருப்பைத் தானே தைத்துப் போட்டுக்கொள்வாள். இப்போது நிறைமாசம், காட்டுக்குப் போவதில்லை. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஆத்தா, எனக்கு நீதான் சொல்லித் தரணும்” என்று கும்பிட்டான் சடையன்.

“வாங்கண்ணே, உக்காருங்க.”

குரு சீடனை அண்ணே என்கிறாள். சீடன் குருவை ஆத்தா என்கிறான். ஓடையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு குடம் நழுவிப் போயிற்று.

“புலிக்குக் கேக்காத செருப்பு வேணும், ஆத்தா. தைச்சுக் குடு.”

“உங்க காலுக்கு நான் எப்படித் தைக்கிறது? தோல் தர்றேன். நீங்களே தைங்க.”

பதம் பண்ணிப் புகை காட்டிய மான்தோல் ஒன்றை எடுத்துப் போட்டாள். சடையன் கல்லில் உட்கார்ந்து, தோலின்மேல் பாதத்தை வைத்துக் கரியால் கோடு இழுத்தான்.

“எந்திரிச்சு நில்லுங்க. உக்காந்துக்கிட்டா வேட்டைக்குப் போறீங்க?”

நின்றான். பாதம் கோட்டைத் தாண்டி அகலமாகப் பரந்தது. தன் கால்தானா இது என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எலும்பு ஊசி, நரம்பு நூல். மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஒரு சோடி தைத்துவிட்டான். அடியில் மடித்து மடித்துத் தோல், நடுவில் ஆட்டுமயிர்த் திணிப்பு. நடந்து காட்டினான். பூனை தோற்றுப் போகும்.

“எப்படி ஆத்தா?” மீசையைத் தடவிக்கொண்டான்.

“அங்கிருந்து கண்ணை மூடிக்கிட்டு என்கிட்ட வாங்க.”

வந்து நின்றான்.

“வழியில என்னண்ணே மிதிச்சீங்க?”

“என்னத்தை மிதிச்சேன்? தரையைத்தான்.”

“திரும்பிப் பாருங்க.”

தரையில் ஒரு காடைமுட்டை கூழாகிக் கிடந்தது.

“அடப்பாவமே! முட்டை வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“புலி சொல்லிட்டா படுக்கும்?”

சடையன் உட்கார்ந்து தையலைப் பிரித்தான். திணிப்பை எடுத்து எறிந்தான். ஒற்றைத் தோலைப் பாறையில் விரித்துச் சிப்பியால் சுரண்டத் தொடங்கினான். சுரண்டினான், சுரண்டினான், கை சோர்ந்துபோயிற்று.

“இதுக்கு மேல சுரண்டினா முள்ளு ஏறுமே, ஆத்தா.”

“ஏறினாத் தெரியும்ல?”

“வலிக்குமே!”

“வலிக்காமத் தெரியுற வழி இருந்தா எனக்கும் சொல்லுங்கண்ணே.”

தோல் காதுமடல் கனத்துக்கு வந்த பிறகுதான் நிறுத்தச் சொன்னாள். தைத்து முடித்ததும் ஓடையில் நனைக்கச் சொன்னாள். ஈரத்தோடு போட்டுக்கொண்டு காய்கிறவரை நடக்கச் சொன்னாள். பனிக்குளிரில் ஈரத்தோலோடு பல் கிடுகிடுக்க நடந்தான். தோல் காய்ந்தபோது அவன் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளியே தெரிந்தது.

திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். பாதி வழியில், இறக்கிய காலை அப்படியே நிறுத்தினான்.

“இங்க ஏதோ உருண்டையா இருக்கு, ஆத்தா.”

“எடுங்க. சுட்டுத் தின்னுட்டுக் கிளம்புங்க.”

விடிந்தும் விடியாத நேரத்தில் சடையன் காட்டுக்குள் போனான். காற்று முகத்தில் அடித்தது. நல்லதாயிற்று, அவன் வாடை முன்னால் போகாது. காலடியில் மணல் மாறி வேர் வந்தது, வேர் மாறி ஈரச்சருகு வந்தது. ஒரு சுள்ளி ஒடிவதற்கு முன்பே கால் அதைக் கண்டுகொண்டு விலகியது. தூரத்தில் ஏதோ ஒரு மான் துள்ளி ஓடிய அதிர்வுகூட மண்வழியே பாதத்துக்கு வந்து சேர்ந்தது. வழியில் ஒரு காட்டுக்கோழி கிளறிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் போனபோதும் அது தலையைத் தூக்கவில்லை.

அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் நடந்து, இதை ஒருநாள்கூட மிதிக்காமலே இருந்துவிட்டேனே என்று நினைத்தான்.

அவன் பின்தொடர்ந்த புலித்தடம் உயர்ந்த புல்லுக்குள் நுழைந்தது. பனி சொட்டியது. பாதம் மரத்துப்போகிற குளிர். இடது காலை எடுத்து வைத்தான்.

அங்கே மட்டும் தரை சூடாக இருந்தது.

ஆள் எழுந்து போன பாயில் மிச்சம் இருக்குமே, அந்தச் சூடு. குனிந்து பார்க்க வேண்டியதில்லை. அது இப்போதுதான் எழுந்திருக்கிறது. இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. எதிரே ஒரு பாறை. தடம் பாறையைச் சுற்றி வளைகிறது. இன்னும் சற்று நடந்திருந்தால் வளைவில் நேரே அதன் வாயில் போய் விழுந்திருப்பான்.

அவன் காலை எடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நாணில் அம்பைத் தொடுத்தான்.

பாதத்தின் கீழே சூடு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. என் தம்பியைத் தின்ற உடம்பின் சூடு என்று நினைத்துப் பார்த்தான். ஆத்திரம் வரவில்லை. மேலெல்லாம் மயிர் சிலிர்த்தது. சாமி சந்நிதியில் நிற்கிறமாதிரி கும்பிடத் தோன்றியது. கையில் வில் இருந்ததால் கும்பிடவில்லை.

வரவேண்டியவன் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்கவோ என்னவோ, பாறைக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு காது தெரிந்தது. பிறகு அந்தப் பெரிய முகம், மஞ்சள் கண். யப்பா, எவ்வளவு அழகு! அவன் அம்பை விட்டான்.

அன்றைக்கே ஊர் தினைக்காட்டில் இறங்கியது. அரிவாளோடு முன்னால் போனவள் தம்பி பெண்டாட்டி. போகிற போக்கில் சடையன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பறை முழங்கியது, குலவை எழுந்தது, சடையனைத் தோளில் தூக்க இளவட்டங்கள் தேடினார்கள். அவன் அங்கே இல்லை.

வெள்ளச்சி வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு முயலை அடித்தாலே மூன்று நாள் கதை சொல்கிறவன், கழற்றி வைத்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆத்தா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கண்ணே.”

“காத்து என் மூஞ்சிக்குத்தான் அடிச்சுது. என் வாடை அதுக்குப் போயிருக்காது.”

“போயிருக்காது.”

“ஒரு சருகுகூட நொறுங்கல. பக்கத்துல மேஞ்ச கோழிக்கே நான் வந்தது தெரியல.”

“சரி.”

“நான் அதைப் பாக்குறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயி, எனக்காகப் பாறை மறைவுல காத்துக்கிட்டு இருந்துச்சு, ஆத்தா. நான் வர்றது அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

வெள்ளச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். அவன் கழற்றி வைத்திருந்த செருப்பை எடுத்து, அடித்தோலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“அது செருப்பே போடலியேண்ணே” என்றாள்.