முறை வரும்வரை

மாசிலாமணி தன் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ராயபுரத்தில் குத்துச்சண்டை போட்டு மூக்கை உடைத்துக்கொண்ட ஆள். பிழைப்புக்காகத்தான் சண்டைப் பயிற்சியாளர் எஸ்தர் மாஸ்டரிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். சினிமாச் சண்டை என்றாலே அவருக்கு எரிச்சல்.

அன்று படப்பிடிப்பு, மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையில். ஒரு கதாநாயகன், பத்து அடியாட்கள். ஒருவன் அடிவாங்கி விழும்வரை மற்றவர்கள் கட்டையை ஆட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து உறும வேண்டும். இதைத்தான் காலங்காலமாக எடுக்கிறார்கள். நாமும் விசிலடித்துப் பார்க்கிறோம்.

அடியாட்களில் ஒருவரான மாசிலாமணியால் சும்மா நிற்க முடியவில்லை. முறை வருவதற்குள் பாய்ந்துவிட்டார். திரும்ப எடுத்தபோதும் பாய்ந்தார். இயக்குநர் தொப்பியைக் கழற்றி எறிந்தார்.

"இன்னொரு தடவை பாஞ்சீங்கன்னா வீட்டுக்கு அனுப்பச் சொல்றாரு, அண்ணே," என்றார் எஸ்தர்.

இதை விட்டால் மாசிலாமணிக்கு வேறு வேலை கிடையாது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பத்து பேரும் ஒண்ணா பாஞ்சா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும், மாஸ்டர். இன்னாத்துக்கு ஒவ்வொருத்தனா போய் ஒத வாங்கணும்? என் பொண்டாட்டியே பாத்துட்டு சிரிக்கிறா."

எஸ்தர், கீழே மெத்தை போட்டிருந்த படிக்கட்டைக் காட்டினார்.

"இந்தத் தடவை முதல் ஆளா நீங்க விழுங்க. அந்தப் படிக்கட்டு மேலருந்து."

காத்திருக்க வேண்டாம் என்பதே மாசிலாமணிக்குப் பெரிய சந்தோஷம்.

கேமரா ஓடியது. கதாநாயகனின் கால் அவர் மேலே படவேயில்லை. மாசிலாமணி பின்பக்கமாகப் பறந்தார். கணக்குத் தப்பிவிட்டது. மெத்தையின் ஓரத்தில் விழுந்ததில் மூச்சே நின்றது. கண் நிறையத் தவிட்டுத் தூசி. அடுத்தவன் இதே இடத்தில்தான் விழுவான். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நிஜமாகவே பயந்துபோனார்.

உறுமிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், உறுமலை நிறுத்தாமலே அவர் காலரைப் பிடித்து ஓரமாக இழுத்தார். இன்னொருவர் விலகிய மெத்தையைக் காலால் தள்ளிச் சரிசெய்தார். தண்டபாணி என்பவர் அவர் தலைக்கு இருபுறமும் காலை அகட்டி நின்றுகொண்டு, யாரும் மிதித்துவிடாதபடி கட்டையைச் சுழற்றி, "வாடா!" என்று கதாநாயகனைப் பார்த்துக் கத்தினார்.

அடுத்தவன் மெத்தையில் பொத்தென்று விழுந்தான். கேமராவில் எல்லாரும் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தார்கள்; கீழே நடந்தது எதுவும் பதிவாகவில்லை. இயக்குநர் கை தட்டினார்.

எஸ்தர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். மாசிலாமணி முகத்தைக் கழுவிக்கொண்டு, தன்னைக் காப்பாற்றியவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் பின்வரிசைக்குப் போனார்.

"அடுத்த ஷாட்ல நான் எப்போ பாயணும், மாஸ்டர்?"

"முதல்ல தண்டபாணி விழுவாரு. அவர் எழுந்து ஓரமா போறதப் பாத்துட்டு பாயுங்க, அண்ணே."